புரூனோவின் கயிறு

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை ஊர்ப் பாதிரியார் எஜீதியோ சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜனவரி கடைசியில் என் கணவர் புரூனோ இறந்ததிலிருந்து அவர் வாரம் தவறாமல் வருகிறார். சமையலறை மேசையில் உட்காருவார், காப்பி குடிப்பார், என் கையைத் தட்டிக்கொடுத்து "தைரியமா இரு லிந்தா" என்பார். என் முழுப்பெயர் எர்லிந்தா. நான் இத்தாலியின் தென்கோடியில் இருக்கிற இந்தக் கலாபிரியாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஊர் அதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டது. பதினேழு வருடமாக மீதிப் பாதியை வைத்துக் காலம் தள்ளுகிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

சாமி நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மறைமாவட்டத்தில் குடியேறியோர் பணிக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூவிராசாக்கள் திருநாள் பூசைக்கு வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அவரவர் நாட்டு உடையில் வர வேண்டும். ருமேனியாக்காரி ரொட்டி கொண்டுவருவாள், நைஜீரியாக்காரர் மேளம் அடிப்பார், நான் ஒரு தட்டில் அரிசியும் மாம்பழமும் ஏந்தி நடப்பேன். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி கை வைத்த அந்தச் சட்டையை நான் பிலிப்பைன்ஸில் இருந்தவரை ஒரு நாளும் போட்டதில்லை. சாமிக்காக இணையத்தில் வாங்கினேன். "இந்த வருஷமும் வெளிநாட்டுக்காரியா நடிக்கப் போறியா?" என்று புரூனோ கேட்டுவிட்டு, ரெஜ்ஜோ நகரம் வரை வண்டி ஓட்டிப் போய் மாம்பழம் வாங்கி வருவார். எங்கள் ஊரில் பிலிப்பைன்ஸ் சமூகம் என்று சாமி சொல்வது என்னையும், டாக்டரின் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் லோர்னாவையும்தான்.

அன்று சாமி காப்பியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஒரு யோசனை வந்திருக்கு லிந்தா. ஆண்டவரே குடுத்ததுன்னு நெனைக்கறேன்."

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டதும் அடுத்து என்ன உடை போட வேண்டுமோ என்று பயந்திருப்பேன். ஜனவரிக்குப் பிறகு எதுவும் என்னைக் கலக்குவதில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுவதும் மரத்துக் கிடந்தது.

சாமியின் யோசனை ஈஸ்டர் காலைச் சந்திப்பைப் பற்றியது. அன்று எங்கள் ஊர்ச் சதுக்கத்தின் ஒரு மூலையில் உயிர்த்த ஆண்டவர் சப்பரம் நிற்கும். எதிர் மூலையில் கறுப்புப் போர்வை போர்த்திய மாதா. சீடர் அருளப்பரின் சப்பரம் இரண்டுக்கும் நடுவில் மூன்று தடவை ஓடி, மகன் உயிர்த்த சேதியை மாதாவுக்குச் சொல்லும். மூன்றாவது தடவை மாதா சப்பரத்தைத் தூக்கியவர்களும் மகனைப் பார்க்க ஓடுவார்கள். அந்த ஓட்டத்திலேயே பின்னால் வருகிறவர் கயிற்றை இழுக்க வேண்டும். கறுப்புப் போர்வை கழன்று விழ, உள்ளே நீலப் பட்டு தெரியும். ஒரே இழுப்பில் விழுந்தால் ஊருக்கு நல்ல வருடம். சிக்கினால் ஊரே வாயில் அடித்துக்கொள்ளும். கயிறு இழுக்கிற உரிமை புரூனோ வீட்டாருடையது. அவருக்கு முன் அவர் அப்பா, அதற்கும் முன் அவர் தாத்தா.

என் நாட்டிலும் இதே சந்திப்பு உண்டு. அதே கறுப்புத் துணி, அதே அம்மா, அதே மகன். அங்கே ஒரு சின்னப் பெண் இறக்கை கட்டி, சம்மனசு என்கிற தேவதூதர் வேடம் போட்டு மேலிருந்து இறங்கி மாதாவின் முக்காட்டை எடுப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம். இதை யாரோ சாமியின் காதில் போட்டிருக்கிறார்கள். லோர்னாவாகத்தான் இருக்கும்.

"நம்ம நுன்சியாதான் சம்மனசு" என்றார் சாமி. "நகராட்சி மாடியிலேருந்து மெதுவா எறக்கறோம். எலக்ட்ரீஷியன்கிட்ட இடுப்பு பெல்ட் இருக்கு, பயப்படாத. பாவம், அவரு போனப்புறம் உங்க வீட்டுல கயிறு இழுக்க ஆள் இல்ல. இந்த வருஷம் கயிறே வேண்டாம், சம்மனசு வந்து எடுக்கட்டும். உங்க மரபும் எங்க மரபும் கை கோத்த மாதிரி இருக்கும். என்ன சொல்றே?"

"சரி சாமி" என்றேன்.

நுன்சியா என் மகள். பதினொரு வயது. புரூனோவின் அம்மா பெயர்தான் அவளுக்கு. அவர் மூக்கு, அவர் பிடிவாதம், என் தலைமுடி. இரவு சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். முள்கரண்டியை டக்கென்று வைத்தாள்.

"நான் என்ன கைக்குழந்தையா, றெக்கை கட்டிக்கிட்டுத் தொங்க? அப்பா கயிறு இருக்குல்ல? அதை நான் இழுக்கறேன்."

"அது ஆம்பளைங்க இழுக்கறது."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ சாமிகிட்ட என்ன சொன்னே?"

"சரின்னேன்."

"நீ எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றே. வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் போகலைன்னு சொன்னேன். அதுக்கும் சரின்னுட்டு இஸ்திரி போடப் போயிட்டே."

எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை அவள் பள்ளிக்குப் போனாளா இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவள் தட்டில் மிச்சமிருந்ததையும் நானே சாப்பிட்டேன். அதற்கும் ருசி இல்லை.

மறுநாள் காலை மிம்மா அக்கா வந்தாள். புரூனோவின் மூத்த சகோதரி, கல்யாணம் ஆகாதவள், என் நாத்தனார். எங்கள் ஊரில் சேதி காலால் நடக்காது, பறக்கும். சாமி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கும். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"ஏண்டி, என் தம்பியைப் பொதைச்ச ஈரம் காயல. அதுக்குள்ள எங்க கயிறை அறுத்து உங்க ஊர் சர்க்கஸுக்குக் குடுத்துட்டியா?"

"நான் குடுக்கல அக்கா. சாமி கேட்டார்."

"கேட்டா? நாளைக்கு இந்த வீட்டுக் கதவைக் கேப்பார், கழட்டிக் குடுப்பியா? எங்க அப்பா காய்ச்சலோட ஓடி இழுத்த கயிறுடி அது! கோசிமோ இருக்கான். சித்தப்பா மகன். அவன் இழுக்கட்டும். நாலு பேருக்கு முன்னால குடும்ப மானம் போகாது."

"சரி அக்கா" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். கத்தினால் திருப்பிக் கத்த வேண்டும், அப்போதுதான் அவளுக்குப் பேச்சு ஓடும். பதினேழு வருடமும் நாங்கள் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம். இப்போது நான் சுவர் மாதிரி நின்றதில் அவளுக்கு வாய் அடைத்துவிட்டது. போகும்போது அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "இதையா அந்தப் பொண்ணுக்குப் போடறே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

குருத்து ஞாயிறு முடிந்ததும் சாமி எல்லோரையும் கோவிலின் பின்னறைக்கு வரச் சொன்னார். கோசிமோ கறிக்கடைக்காரன். ஈஸ்டருக்கு ஊர் முழுக்க ஆட்டுக்கறி வாங்குகிற வாரம், கடையை விட்டுவிட்டு வந்த கடுப்பில் இருந்தான். மிம்மா அக்கா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நுன்சியா என் பக்கத்தில் நின்றாள்.

"சாமி, சும்மா சொல்லக் கூடாது, சம்மனசு நல்லாத்தான் இருக்கும்" என்றான் கோசிமோ. "பொண்ணும் அதுக்கு ஏத்த மாதிரி வெளிநாட்டு முகமா, பொம்மையாட்டம் இருக்கா. அதைச் சாயந்தரம் வெச்சுக்குங்க. பாட்டு, டான்ஸ், அவங்க நூடுல்ஸ், எல்லாம் இருக்கட்டும். காலைல கயிறை நான் இழுத்துக்கறேன்."

"இல்லப்பா கோசிமோ, அது வெறும் வேடிக்கையாப் போயிடும்" என்றார் சாமி. "சந்திப்புக்குள்ளயே அது வரணும். பிலிப்பைன்ஸ் சமூகம் நம்ம கோவிலுக்குக் குடுக்கற கொடைன்னு ஊரு பாக்கணும்."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவர் என் மகளை மாடியிலிருந்து இறக்கப் பார்த்தார், இன்னொருவர் சாயந்தரத்துக்குத் தள்ளப் பார்த்தார். இருவருக்கும் அவள் விருந்தாளி. அவள் பிறந்தது இந்த ஊர் மலைப்பாதையில், புரூனோவின் வேனில், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே. என் நாட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். வந்த மறுநாளே வயிற்றுப்போக்கு. கொசுவையும் என் தம்பிகளையும் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பினாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. ஆனால் வாய் திறந்தது.

"சாமி, நான் அன்னைக்குச் சரின்னு சொன்னதைக் கணக்குல எடுக்காதீங்க. ஜனவரியிலேருந்து நான் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றேன். சவப்பெட்டிக்காரன் செஸ்ட்நட் மரமா வால்நட் மரமான்னு கேட்டான், அதுக்கும் சரின்னேன்."

நுன்சியாவைப் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இவ பிலிப்பைன்ஸ் குடுக்கற கொடை இல்ல. புரூனோ பொண்ணு. புரூனோவுக்கு அப்புறம் அந்தக் கயிறு யாருக்குன்னு கேட்டா நீங்க ரெண்டு பேரும் வேற ஏதேதோ சொல்றீங்க. அவளை யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"நான்தான் இழுப்பேன்" என்றாள் நுன்சியா உடனே. "ஓடத் தெரியும். பள்ளிக்கூடத்துல நான்தான் ஃபர்ஸ்ட்."

கோசிமோவின் காது சிவந்தது. "அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க. பொம்பளைப் பிள்ளை இழுத்து, அது சிக்கிக்கிச்சுன்னா? வெளியூர்க்காரி மகளால வந்துச்சுன்னு ஊரு சொல்லும். நான் சொல்லல, ஊரு சொல்லும்."

ஊர் சொல்வதை எல்லாம் முதலில் கோசிமோதான் சொல்வான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் மிம்மா அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் எழுந்து, "சாயந்தரப் பூசைக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

சாமி பெருமூச்சு விட்டு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார். சம்மனசு வேண்டாம். நுன்சியா கயிற்றைப் பிடிக்கட்டும், கோசிமோவும் கூடவே ஓடிக் கயிற்றில் கை வைத்துக்கொள்ளட்டும். யாருக்கும் அது பிடிக்கவில்லை. அதனால் நியாயமான முடிவாக இருக்கும் என்று சாமி நினைத்திருக்க வேண்டும்.

புனித சனிக்கிழமை மதியம் கோவில் கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் மாதாவுக்கு உடை மாற்றுவார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை, சாமிக்கும் இல்லை. கறுப்புப் போர்வையைக் கழன்று விழுகிற மாதிரி நூலோட்டம் போடுவது மிம்மா அக்காவின் வேலை. பதினேழு வருடத்தில் அவள் என்னை அங்கே கூப்பிட்டதில்லை. அன்று ஃபோன் செய்து, "குண்டூசி பிடிக்க ஆள் இல்ல, வா" என்றாள். போய்ப் பார்த்தால் குண்டூசி பிடிக்க அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை மெழுகுத்திரி அடுக்க அனுப்பிவிட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

ஏணியில் நின்று மாதாவின் தோளில் தைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"எப்போ போறே?"

"எங்க அக்கா?"

"உன் ஊருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் போயிடுவேன்னு எல்லாரும் சொல்றாங்க. அவன் இருந்தான், நீ இருந்தே. இப்ப உனக்கு இங்க என்ன இருக்கு?"

ஊசியை ஒரு தடவை இழுத்தாள்.

"நீ போறதுன்னா போ. நான் பிடிச்சு வெக்க முடியாது. அதான் கயிறு கோசிமோகிட்ட இருக்கட்டும்னேன். அவன் ஒரு முட்டாள், ஆனா இங்கயே கிடப்பான்."

நான் போவதாக யாரிடமும் சொன்னதில்லை. யாரும் என்னைக் கேட்டதும் இல்லை. சாமி கேட்கவில்லை, லோர்னா கேட்கவில்லை. எல்லோரும் எனக்காக முடிவு செய்து, எனக்காக வருத்தமும் பட்டு முடித்திருந்தார்கள்.

"எனக்கு அங்க யாரு இருக்கா?" என்றேன். "அம்மா இல்ல. தம்பிங்க சவூதில. வீட்டை வித்தாச்சு. இங்க லாண்டரில வேலை இருக்கு. சண்டை போட நீங்க இருக்கீங்க. புரூனோ இங்க மண்ணுல இருக்கார். நான் எங்க போறது அக்கா?"

ஏணியில் இருந்து இறங்கினாள். மூக்கை உறிஞ்சினாள். கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்து, "லேசா இழுத்துப் பாரு, தையல் வழுக்குதான்னு" என்றாள். லேசாக இழுத்தேன். வழுக்கியது. அவள் மறுபடி ஏறி, கழன்ற தையலைத் திரும்பப் போட்டாள்.

ஈஸ்டர் காலை நல்ல வெயில். மாடிகளில் எல்லாம் கூட்டம், கட்டில் விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதத் தயாராக நின்றார்கள். நுன்சியா வெள்ளைச் சட்டையும் ஓட்டக் காலணியும் போட்டு மாதா சப்பரத்தின் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் கோசிமோ, கோட்டு பித்தான் தெறிக்கிற வயிற்றோடு. நான் கோவில் படியில் மிம்மா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். என் மகளை ஊரே பார்க்கிறது, பயமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருளப்பர் ஒரு தடவை ஓடினார். இரண்டாம் தடவை ஓடினார். மூன்றாம் தடவை ஓடியபோது மாதாவும் கிளம்பினாள். சப்பரம் குலுங்கி ஓட, பின்னால் நுன்சியா ஓடினாள். நன்றாகவே ஓடினாள். சதுக்கத்தின் நடுவில் அவள் இழுக்கக் கை ஓங்கியதும், கோசிமோ பதறிப்போய் அவளுக்கு முந்தி ஒரு இழுப்பு இழுத்தான். அடுத்த நொடி அவள் இழுத்தாள். இரண்டு இழுப்பும் இரண்டு பக்கம் போக, போர்வை முறுக்கிக்கொண்டு மாதாவின் தலைக்குப் பின்னால் இருந்த நட்சத்திர வளையத்தில் மாட்டிக்கொண்டது. பாதி நீலம், பாதி கறுப்பு. சப்பரம் நின்றது.

பாண்டு ஊதவில்லை. யாரோ ஒரு கிழவி "யேசுவே" என்றாள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று நான் எண்ணவில்லை. நிறைய பேர். கோசிமோ கயிற்றை நுன்சியாவின் கையிலிருந்து பிடுங்கப் போனான்.

"கோசிமோ! கையை எடுடா!"

மிம்மா அக்காவின் குரல் அது. ஆட்டு மந்தையை மலையிலிருந்து கூப்பிடுகிற குரல். ஊரே அவள் பக்கம் திரும்பியது.

"ஒரு கயிறுக்கு எதுக்குடா ரெண்டு பேரு? விடு! சகுனமாம் சகுனம். இனிமே எங்க வீட்டுக்கு என்னடா கெட்டது வரணும்? வர வேண்டியது ஜனவரியிலயே வந்து உக்காந்தாச்சு. நீ இழு நுன்சியா! கிழிஞ்சா கிழியட்டும்!"

கோசிமோ கையை எடுத்தான். நுன்சியா கயிற்றை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாள். துணி கிழிகிற சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. போர்வை அவள் தலைமேலேயே வந்து விழுந்தது. மாதா நீலமாக நின்றாள். பாண்டு வெடித்தது, மணி அடித்தது, மாதா மகனிடம் ஓடினாள். நுன்சியா போர்வைக்குள் இருந்து தலையை வெளியே எடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் சாமி ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் முகம் வேர்த்திருந்தது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம்.

"அன்பு மக்களே! இன்று நமக்காகத் துக்கத்தின் போர்வையை அகற்றிய நம் பிலிப்பைன்ஸ் சமூகத்தின் அன்புச் சிறுமிக்கு..."

"சாமி!"

கோசிமோதான். சதுக்கத்தின் நடுவில் சிவந்த முகத்தோடு நின்றான். ஊர் முன்னால் திட்டு வாங்கிய ஆத்திரத்தை யார் மேலாவது இறக்க வேண்டும், அகப்பட்டவர் சாமி.

"என்ன சாமி பேசறீங்க? அது புரூனோ பொண்ணு!"

"ஆமா, புரூனோ பொண்ணு!" என்றது மீன்கடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். மாடியிலிருந்து ஒருத்தி, "புரூனோ பொண்ணு சாமி! பிளம்பர் புரூனோ!" என்று அவருக்கு விளக்கம் சொன்னாள். சப்பரம் தூக்கியவர்கள் தோளில் பாரத்தோடு கத்தினார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் விடாது. புரூனோ, புரூனோ என்று சுவருக்குச் சுவர் போய் மோதியது.

அவர் போனதிலிருந்து என் எதிரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நான் நொந்துபோவேன் என்று "அவரு", "பாவம் அவரு" என்றுதான் பேசினார்கள். நானும் பேச்சுக்கு நடுவில் ஓரிரு தடவை சொன்னதோடு சரி. இப்போது ஊரே வாய்விட்டுக் கூப்பிட்டது, அவர் எங்கேயோ வேனை நிறுத்திவிட்டு வர நேரமாக்குகிற மாதிரி. நான் கூட்டத்தில் அவரைத் தேடினேன். உண்மையாகவே தேடினேன். கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நுன்சியா மட்டும்தான் என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

அவர் வரமாட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படியிலேயே உட்கார்ந்தேன், வாயைப் பொத்திக்கொண்டேன், அழுகையைப் பொத்த முடியவில்லை.

"இப்பவாடி?" என்றாள் மிம்மா அக்கா. "சாவு வீட்டுல மூணு நாள் கல்லாட்டம் உக்காந்துட்டு, உலகமே சிரிக்கற ஈஸ்டர் அன்னைக்கா?"

திட்டிக்கொண்டே என் முன்னால் வந்து நின்று, கோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்து, என்னை ஊரிடமிருந்து மறைத்துக்கொண்டாள்.